நிலவறை இல்லாத வீடு: ஆறு நாள் பயணக் குறிப்புகள்

முதல் நாள்: கியெல்ட்சே, போலந்து

வார்சாவிலிருந்து தெற்கே இரண்டு மணி நேர ரயில் பயணம். பெட்டியை விடுதியில் வைத்துவிட்டு நேரே பிளாண்டி தெருவுக்குப் போனேன். சில்னிட்சா என்ற சிற்றாறு நம்மூர் வாய்க்கால் போல இரண்டு பக்கமும் கரை கட்டி ஓடுகிறது. அதை ஒட்டியே தெரு. 7ஆம் எண் வீட்டின் சுவரில் நினைவுப் பலகைகள். நேற்றுதான் ஜூலை 4. யாரோ வைத்துப்போன மெழுகுவர்த்திக் குடுவைகள் இன்னும் வாசலில் இருக்கின்றன.

1946இல் இந்த வீட்டில்தான் ஊரின் யூதக் குழு அலுவலகம் இருந்தது. போருக்கு முன் கியெல்ட்சேயில் ஏறக்குறைய 20,000 யூதர்கள். போர் முடிந்தபோது திரும்பி வந்தவர்கள் இருநூறு பேர் அளவில். அவர்களில் பெரும்பாலோர் இந்த ஒரு வீட்டில் தங்கியிருந்தார்கள். பாலஸ்தீனத்துக்குப் போகத் தயாராகிக்கொண்டிருந்த இளைஞர் குழு ஒன்றும் இங்கேதான் இருந்தது.

அந்த ஜூலையில் எட்டு வயதுப் பையன் ஒருவன் வீட்டில் சொல்லாமல் ஒரு கிராமத்துக்குப் போய்விட்டான். செர்ரிப் பழங்களோடு திரும்பி வந்தவன், யூதர்கள் தன்னைப் பிடித்து அந்த வீட்டு நிலவறையில் அடைத்து வைத்ததாகச் சொன்னான். கிறிஸ்தவக் குழந்தைகளின் ரத்தத்துக்காக யூதர்கள் அலைகிறார்கள் என்பது ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாக உலவிய கட்டுக்கதை. ஊர் கூடியது. போலீஸ் வந்தது, ராணுவம் வந்தது. காப்பாற்ற வந்தவர்கள்தான் முதலில் சுட்டார்கள். உதவி கேட்டுத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்த குழுத் தலைவர் செவெரின் கஹானே அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார். மதியம் உருக்காலைத் தொழிலாளர்கள் இரும்புக் கம்பிகளோடு வந்தார்கள். இறந்த யூதர்கள் 42 பேர்.

அந்த வீட்டுக்கு நிலவறையே கிடையாது. ஆற்றங்கரை வீடு, தோண்டினால் தண்ணீர் வரும். இதைக் கண்டுபிடிக்க ஒரு போலீஸ்காரர் உள்ளே போய்ப் பார்த்தால் போதும். பார்க்கவும் பார்த்தார்கள். அதற்குள் வெளியே கூட்டத்துக்கு நிலவறை தேவைப்படாமல் போய்விட்டது.

ஒரு வாரம் கழித்து, போலந்துத் திருச்சபையின் தலைவர் கர்தினால் ஹ்லோண்ட் கொலைகளுக்கு வருத்தம் தெரிவித்தார். கூடவே, யூதர்கள் அரசுப் பதவிகளில் முன்னணியில் இருப்பதே மக்களோடான உறவு கெட்டதற்குக் காரணம் என்றும் சொன்னார். அதற்கு ஆறு மாதம் முன்பு, ஜனவரியில், ஜெர்மனியில் ஐ.நா. நிவாரண அமைப்பின் பொறுப்பில் இருந்த பிரிட்டிஷ் ஜெனரல் ஃபிரெடரிக் மார்கன் பத்திரிகையாளர்களிடம் பேசியதையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். போலந்திலிருந்து வரும் யூதர்கள் நன்றாக உடுத்தி, கன்னம் சிவந்து, பை நிறையப் பணத்தோடு வருகிறார்கள், பின்னால் ரகசிய யூத அமைப்பு ஒன்று இருக்கிறது என்றார் அவர். பிரிஹா என்ற பெயரில் எல்லை கடத்தும் அமைப்பு இருந்தது உண்மைதான். ஆனால் மக்கள் ஓடியது அமைப்பு இருந்ததால் என்று அவர் நினைத்தார். இந்த வாசலில் நின்றால் எதனால் ஓடினார்கள் என்று தெரிகிறது. கொலைக்குப் பின் சில மாதங்களுக்குள் பல பத்தாயிரம் பேர் போலந்தை விட்டு வெளியேறினார்கள்.

திரும்பும் வழியில் ஒரு பாட்டி செர்ரிப் பழம் விற்றுக்கொண்டிருந்தார். வாங்கவில்லை.

இரண்டாம் நாள்: பிராக் வழியாக

நாள் முழுக்க ரயில். பிராகில் மூன்று மணி நேரம் இடைவெளி கிடைத்தது. ஆற்றங்கரைக்குப் போகாமல் நிலைய உணவகத்திலேயே உட்கார்ந்து எழுதுகிறேன்.

கியெல்ட்சேயிலிருந்து ஓடியவர்கள் செக்கோஸ்லோவாக்கியா வழியாகத்தான் ஆஸ்திரியாவுக்கும் ஜெர்மனிக்கும் போனார்கள். அன்றைய செக் அரசு அவர்களை ரயிலேற்றி அனுப்பி வைத்தது. 1947இல் ஐ.நா.வில் பாலஸ்தீனத்தை யூத நாடு, அரபு நாடு என்று பிரிக்கும் திட்டத்துக்கு ஆதரவாக சோவியத் யூனியனும் வாக்களித்தது, செக்கோஸ்லோவாக்கியாவும் வாக்களித்தது. ஐந்தே வருடம். 1952 நவம்பரில் இதே நகரத்தில் கம்யூனிஸ்ட் கட்சியின் முன்னாள் பொதுச் செயலாளர் ருடோல்ஃப் ஸ்லான்ஸ்கியோடு சேர்த்து 14 பேர் கூண்டில் நின்றார்கள். அவர்களில் 11 பேர் யூதர்கள். குற்றப்பத்திரிகையில் அந்தப் பெயர்களோடு ‘யூத வம்சாவளி’ என்றும் எழுதியிருந்தார்கள். குற்றச்சாட்டில் அடிக்கடி வந்த சொல் ‘சியோனிஸ்ட்’. யூதர்களுக்குப் பாலஸ்தீனத்தில் தனி நாடு வேண்டும் என்பது சியோனிசம், அதைக் கேட்பவர் சியோனிஸ்ட். வாழ்நாள் முழுக்க சியோனிசத்தை எதிர்த்த கட்சிக்காரர்கள் அவர்கள். டிசம்பர் 3ஆம் தேதி 11 பேரைத் தூக்கிலிட்டார்கள்.

யூதன் என்று திட்டக் கூச்சப்பட்ட இடத்தில் சியோனிஸ்ட் என்ற சொல் அந்த வேலையைச் செய்தது. அந்தச் சொல்லை இன்று யார் உச்சரித்தாலும் எனக்கு ஒரு கணம் காது கூர்மையாவது இந்த வழக்கால்தான்.

மூன்றாம் நாள்: மூனிக், வால்ட்ராம்

மூனிக்கில் சித்தி மகன் வீட்டில் தங்கல். காலையில் இட்லி வேகும்போதே ஆரம்பித்துவிட்டான். “அக்கா, சியோனிசம் வேண்டாம்னு சொன்னாலே யூத வெறுப்புங்கிறாங்க. அப்போ காந்தியும் யூத வெறுப்பாளரா?” பதில் சொல்லத் தெரியவில்லை. “ஊர் சுற்றி முடித்துவிட்டுச் சொல்கிறேன் தம்பி” என்றேன். அவனும் கூட வந்தான்.

புறநகர் ரயிலில் கடைசி நிலையம் வோல்ஃப்ராட்ஸ்ஹவுசன். அதை அடுத்து வால்ட்ராம். வரிசை மாறாத சிறு சிறு ஓட்டு வீடுகள். வெடிமருந்துத் தொழிற்சாலை ஆட்களுக்காக நாஜிகள் கட்டிய குடியிருப்பு இது. போருக்குப் பின் அமெரிக்க ராணுவம் இதை யூத அகதி முகாமாக்கியது. அப்போது பெயர் ஃபோரென்வால்ட். தெருக்களுக்கு அமெரிக்க மாநிலங்களின் பெயர்களை வைத்தார்கள். ஐரோப்பாவில் கடைசியாக மூடப்பட்ட யூத அகதி முகாம் இதுதான். மூடியது எப்போது என்று நினைக்கிறீர்கள்? 1957 பிப்ரவரி.

பழைய குளியல் கூடத்தை ஊர்க்காரர்கள் இடிக்க விடாமல் காப்பாற்றி அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். யூதப் பெண்கள் சடங்கு நீராடும் தொட்டி இங்கே இருந்திருக்கிறது. சுவரில் ஒரு புகைப்படத்தின் முன் நீண்ட நேரம் நின்றோம். இளம் தம்பதிகள், கையில் தள்ளுவண்டி, வண்டியில் குழந்தை. எல்லாப் படங்களிலும் தள்ளுவண்டி. பெற்றோர், உடன்பிறந்தோர் எல்லாரையும் இழந்தவர்கள் அவசர அவசரமாகக் கல்யாணம் செய்து பிள்ளை பெற்றிருக்கிறார்கள். அந்தப் படங்களில் தாத்தா பாட்டி என்று ஒருவர் கூட இல்லை. தம்பிதான் அதைக் கவனித்துச் சொன்னான்.

இங்கிருந்து அதிக தூரமில்லாத ஃபெல்டாஃபிங் முகாமுக்கு 1945 செப்டம்பர் 17 அன்று அமெரிக்கத் தளபதிகள் ஐசனோவரும் பாட்டனும் வந்தார்கள். அன்று யோம் கிப்பூர், யூதர்களின் நோன்பு நாள். நாஜிகளை விரட்டிய படைத் தலைவர் பாட்டன், தன் நாட்குறிப்பில் இந்த அகதிகளை விலங்குகளுக்கும் கீழானவர்கள் என்று எழுதி வைத்தார். அதே கோடையில் அமெரிக்க அதிபர் ட்ரூமன் அனுப்பிய ஏர்ல் ஹாரிசன் என்ற சட்டக் கல்லூரித் தலைவர் முகாம்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதினார். கொல்லவில்லை என்பதைத் தவிர நாஜிகள் நடத்தியது போலவே நாமும் யூதர்களை நடத்துவதாகத் தோன்றுகிறது என்பது அதன் சாரம். முள்வேலி, காவல், சிலருக்கு வதைமுகாமில் போட்டிருந்த அதே கோடுபோட்ட உடை. பாலஸ்தீனத்துக்கு ஒரு லட்சம் அனுமதிச் சீட்டுகள் கொடுங்கள் என்று ஹாரிசன் பரிந்துரைத்தார். ட்ரூமன் அதை பிரிட்டிஷ் பிரதமர் அட்லிக்கு எழுதினார். அப்போது பாலஸ்தீனத்தை ஆண்டுகொண்டிருந்த பிரிட்டன் மறுத்தது.

இதோடு நின்றிருந்தால் நல்லவர்கள், கெட்டவர்கள் என்று சுலபமாகப் பிரித்துவிடலாம். ஆனால் அமெரிக்காவே தன் கதவைத் திறக்கவில்லை. 1946 ஜூனில் தொழிற்கட்சி மாநாட்டில் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் பெவின், நியூயார்க்கில் நிறைய யூதர்கள் வந்து சேர்வதை விரும்பாமல்தான் அமெரிக்கர்கள் பாலஸ்தீனம் பாலஸ்தீனம் என்கிறார்கள் என்று பேசினார். அது குரூரமான பேச்சு. அதில் உண்மையும் இருந்தது.

அமெரிக்கக் கதவைத் திறக்க யார் முயன்றார்கள் தெரியுமா? சியோனிசத்தை வெளிப்படையாக எதிர்த்த அமெரிக்க யூதர்கள். அமெரிக்கன் கவுன்சில் ஃபார் ஜுடாயிசம் அமைப்பின் தலைவர் லெஸ்ஸிங் ரோசன்வால்ட் அவர்களில் முக்கியமானவர். யூதர்கள் ஒரு மதத்தினர், தனி நாடு வேண்டாம் என்பது அவர் கொள்கை. எல்லா மத அகதிகளையும் அமெரிக்காவுக்குள் விடச் சொல்லிக் குடிமக்கள் குழு ஒன்று உருவாக அவர் துணை நின்றார். அதன் தலைமைக்கு வந்தவர் அதே ஹாரிசன். சியோனிச அமைப்புகள் இதில் பெரிய ஆர்வம் காட்டவில்லை. 1948 ஜூனில் சட்டம் வந்தது. 1945 டிசம்பர் 22க்குள் ஜெர்மனி, ஆஸ்திரியா, இத்தாலிக்குள் வந்துவிட்டவர்களுக்கே விசா என்று அதில் ஒரு வரி. கியெல்ட்சேக்குப் பின் ஓடி வந்தவர்கள் எல்லாரும் 1946இல் வந்தவர்கள். ஒரு தேதியைப் போட்டே அவர்களை வெளியே நிறுத்திவிட்டார்கள். சட்டத்தில் யூதர் என்ற சொல்கூட வரத் தேவையில்லை. யூதர்களுக்கு எதிரான அப்பட்டமான பாகுபாடு என்று சொல்லிக்கொண்டேதான் ட்ரூமன் கையெழுத்துப் போட்டார்.

நான்காம் நாள்: பெல்சன்

செல்லெ என்ற அழகான சிற்றூரிலிருந்து பேருந்து. இருபுறமும் புதர் வெளி, பைன் மரங்கள். நாஜிகளின் வதைமுகாம் இருந்த பெர்கன் பெல்சனில் பார்ப்பதற்குக் கட்டடம் எதுவும் இல்லை. டைஃபஸ் காய்ச்சல் பரவியதால் 1945 மே மாதமே பிரிட்டிஷ் ராணுவம் குடிசைகளை எரித்துவிட்டது. புல் மூடிய நீளமான மேடுகள் மட்டும். ஒவ்வொன்றின் முகப்பிலும் கல்லில் ஒரு வரி: இங்கே இறந்தோர் 1000. இங்கே இறந்தோர் 5000. பெயர் இல்லை, எண்ணிக்கை மட்டும்தான். ஒரு மேட்டின் நீளத்தை நடந்து அளந்து பார்த்தேன், பிறகு அப்படிச் செய்திருக்க வேண்டாம் என்று பட்டது.

விடுதலையான நாள் 1945 ஏப்ரல் 15. பிழைத்தவர்களை இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருந்த ஜெர்மன் ராணுவக் குடியிருப்புக்கு மாற்றினார்கள். அங்கே 1950 வரை அகதி முகாம் நடந்தது. பிரிட்டிஷார் அதற்கு ஹோனெ என்று பெயர் வைத்தார்கள். யோசெஃப் ரோசன்சாஃப்ட் தலைமையிலான அகதிகள் குழு கடிதத் தாள்களில் பெல்சன் என்றே அச்சடித்தது. எங்களை எங்கே கண்டெடுத்தீர்களோ அந்தப் பெயரை மறக்க விடமாட்டோம் என்ற பிடிவாதம்.

பெயர்ச் சண்டைக்குப் பின்னால் பெரிய சண்டை ஒன்று இருந்தது. யூதர்களைத் தனி வகையாகப் பிரிப்பது ஹிட்லரின் இனக் கொள்கை, நாங்கள் அதைப் பின்பற்ற மாட்டோம் என்றது பிரிட்டிஷ் நிர்வாகம். காதுக்கு எவ்வளவு நன்றாக இருக்கிறது! நடைமுறையில் என்ன ஆனது? போலந்து யூதர் போலந்துக்காரர், எனவே போலந்துக்காரர்களோடு இருக்க வேண்டும், அவர்களில் யூத வெறுப்பாளர்கள் இருந்தாலும். ஜெர்மன் யூதர் ஜெர்மானியர், எனவே எதிரி நாட்டவர். தனித்துக் கொல்லப்பட்டவர்களைத் தனித்துப் பார்க்க மறுத்தது அந்தச் சமத்துவம். தனியாகப் பார்த்தால் தனியாக ஒரு நாடு கேட்பார்கள் என்ற கணக்கும் அதற்குள் இருந்தது. பிரிட்டிஷ் அரசின் கொள்கை ஆவணமான 1939 வெள்ளை அறிக்கைப்படி ஐந்து வருடத்துக்கு 75,000 பேர்தான் பாலஸ்தீனத்துக்குள் வரலாம். போர் முடிந்த பிறகும் மாதத்துக்கு 1,500 என்று கதவை இடுக்கி வைத்திருந்தார்கள்.

பெவினின் வாதத்தையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். ஐரோப்பாவைக் கட்டி எழுப்ப யூதர்களும் வேண்டும், அவர்கள் எல்லாரும் போய்விட்டால் ஹிட்லர் நினைத்தது நடந்ததாகிவிடும் என்பது அவர் தரப்பு. இதைச் சொன்ன அதே 1945 நவம்பரில், யூதர்கள் வரிசையில் முண்டியடித்து முன்னே வரப் பார்த்தால் மறுபடியும் யூத எதிர்ப்பு கிளம்பும் என்றும் எச்சரித்தார். அந்த இரண்டாவது வரியைப் பெல்சனில் படித்தவர்கள் மனநிலையை நினைத்துப் பார்க்கிறேன். எந்த வரிசையில் அவர்கள் முன்னே நின்றிருந்தார்கள்!

நடு வெளியில் ஒரு கல் நிற்கிறது. முதலாம் ஆண்டு நிறைவில், 1946 ஏப்ரல் 15 அன்று, அகதிகளே எழுப்பியது. எபிரேயத்திலும் ஆங்கிலத்திலும் எழுத்து. முப்பதாயிரம் யூதர்களை இஸ்ரேலும் உலகமும் நினைவில் வைத்திருக்கும், மண்ணே, உன் மேல் சிந்திய ரத்தத்தை மூடி மறைக்காதே என்று வருகிறது. விரலால் அந்தப் பெயரைத் தொட்டுப் பார்த்தேன். இஸ்ரேல் என்ற அரசு பிறக்க இன்னும் இரண்டு வருடம் இருந்தது. அப்போது அந்தச் சொல்லுக்கு மக்கள் என்று பொருள். எஞ்சியிருந்தவர்கள், இறந்தவர்கள் எல்லாரும் சேர்ந்த ஒரு குடும்பப் பெயர். பாலஸ்தீனத்தின் கிராமங்களில் அதே சொல் 1948க்குப் பின் வேறு பொருளில் கேட்டது. ஏழு லட்சம் பாலஸ்தீனர்களுக்கும் மேல் வீடிழந்தார்கள். இரண்டு பொருளையும் சேர்த்தே அந்தக் கல்லின் முன் நின்றேன்.

இரவு தம்பிக்குப் போன் செய்தேன். “ஒருத்தர் சியோனிசத்த ஆதரிச்சாரா எதிர்த்தாராங்கிறத மட்டும் வெச்சு எனக்கு முடிவெடுக்க முடியல. அப்போ முகாம்ல உக்காந்திருந்த அந்தத் தள்ளுவண்டிக்காரப் பொண்ணுக்கு அவர் எங்க போகச் சொன்னாருன்னு பாக்கறேன். ரோசன்வால்ட் எதிர்த்தாரு, எங்க வீட்டுக்கு வாம்மான்னாரு. இன்னும் சிலர் ஆதரிச்சாங்க, எங்க வீட்டுக்கு மட்டும் வந்துராதன்னாங்க.” “காந்தி?” என்றான் விடாமல். நாளைக்கு என்றேன்.

ஐந்தாம் நாள்: ஹாம்பர்க், லூபெக்

எல்பே நதித் துறைமுகம். இன்று மழை. சுற்றுலாப் படகுக்காரர்கள் கூவிக் கூப்பிடுகிறார்கள். 1947 செப்டம்பர் 8, 9 தேதிகளில் இந்தத் துறைமுகத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் மூன்று கப்பல்களிலிருந்து யூத அகதிகளை இறக்கினார்கள். இறங்க மறுத்தவர்களைத் தடியால் அடித்து, இழுத்து.

எக்சோடஸ் 1947 என்ற கப்பலின் கதை பலருக்குத் தெரிந்ததுதான். ஜூலையில் பிரான்ஸின் செத் துறைமுகத்திலிருந்து 4,500 பேரோடு கிளம்பிய பழைய நீராவிக் கப்பலைப் பாலஸ்தீனக் கடற்கரைக்கு அருகே பிரிட்டிஷ் கடற்படை மோதிப் பிடித்தது. மூன்று பேர் இறந்தார்கள். ஹைஃபாவில் வேறு கப்பல்களில் ஏற்றி பிரான்ஸுக்கே திருப்பி அனுப்பினார்கள். அங்கே இறங்க மாட்டோம் என்று மூன்று வாரத்துக்கும் மேல் கொதிக்கும் வெயிலில் கப்பலுக்குள்ளேயே கிடந்தார்கள். கடைசியில் கொண்டுவந்து இறக்கிய இடம் ஜெர்மனி. கம்பி போட்ட ரயில் பெட்டிகளில் லூபெக் அருகே பொப்பென்டோர்ஃப் முகாமுக்கு. முகாமில் முள்வேலி, காவல் கோபுரம். இதைத் திட்டமிட்ட அதிகாரிகள் யாருக்கும் அந்தக் காட்சி முன்கூட்டித் தோன்றவில்லையா என்பது எனக்கு இன்னும் புரியவில்லை. மதியம் லூபெக் போய் அந்தக் காட்டுக்குள் நடந்தேன். ஈரமான பீச் மரங்கள், நாய் கூட்டிப் போகும் இருவர், வேறு ஒன்றும் இல்லை.

ஹைஃபா துறைமுகத்தில் அகதிகளை இறக்கியதை ஐ.நா. பாலஸ்தீனக் குழு உறுப்பினர்கள் இருவர் நேரில் பார்த்தார்கள். ஒருவர் குழுத் தலைவர் ஸ்வீடனின் சாண்ட்ஸ்ட்ரோம், மற்றவர் யூகோஸ்லாவியாவின் சிமிச். சாண்ட்ஸ்ட்ரோம் பிரிவினைத் திட்டத்தில் கையெழுத்திட்டார். அதே காட்சியைப் பார்த்த சிமிச் பிரிவினை வேண்டாம், ஒரே கூட்டாட்சி நாடு போதும் என்ற சிறுபான்மைத் திட்டத்தில் கையெழுத்திட்டார். அவரோடு ஈரானும் இந்தியாவும். இந்தியாவின் சார்பில் இருந்தவர் லாகூர் உயர் நீதிமன்ற நீதிபதி சர் அப்துர் ரஹ்மான். குழு ஜெனீவாவில் அறிக்கையை முடித்தது 1947 ஆகஸ்ட் 31. தன் லாகூர் பிரிவினையில் பற்றி எரிந்துகொண்டிருந்த மாதத்தில் அவர் இன்னொரு தேசத்தின் பிரிவினைக்கு மறுப்பு எழுதிக்கொண்டிருந்தார். அதை யூத வெறுப்பு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

அராபியர்கள் கேட்டது நேரான கேள்வி: ஐரோப்பா செய்த பாவத்துக்கு நாங்கள் ஏன் நிலம் தர வேண்டும்? ஆனால் அதே தரப்பின் தலைவர் ஹஜ் அமீன் அல் ஹுசைனி போர்க்காலத்தை ஹிட்லரின் பெர்லினில் கழித்தவர். 1946இல் கெய்ரோ வந்து மறுபடியும் தலைமையில் அமர்ந்தார். நியாயமான கேள்வியைக் கேட்ட வாய்களில் அதுவும் ஒன்று. கேள்வி அதனால் பொய்யாகிவிடாது. ஆனால் முகாமில் இருந்தவர்கள் அந்தக் கேள்வியை யார் குரலில் கேட்டிருப்பார்கள் என்பதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஒரு வாக்கெடுப்பை மட்டும் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். 1947 நவம்பர் 24, பிரிவினை வாக்கெடுப்புக்கு ஐந்து நாள் முன்பு, ஐ.நா. தற்காலிகக் குழுவில் அரபு நாடுகளின் பக்கமிருந்து ஒரு தீர்மானம் வந்தது. யூத அகதிகளை உறுப்பு நாடுகள் எல்லாம் தங்கள் வசதிக்கேற்பப் பங்கிட்டு ஏற்றுக்கொள்ளட்டும் என்றது. கொண்டுவந்தவர்களின் நோக்கம் பாலஸ்தீனத்தைக் காப்பது. இருக்கட்டும். ஆதரவு 16, எதிர்ப்பு 16, வாக்களிக்காமல் ஒதுங்கியவர்கள் 26. அந்த 26ஐ என்னால் தாண்டிப் போக முடியவில்லை.

தம்பி, காந்திக்கு வருகிறேன். 1938லேயே எழுதினார்: யூதர்கள் பிறந்து வளர்ந்த இடத்திலேயே நியாயமாக நடத்தப்பட வேண்டும், அதற்காகப் போராடுவதே மேல். 1946 ஜூலையில் மறுபடியும் எழுதினார்: உலகம் யூதர்களுக்குக் கொடுமை இழைத்திருக்கிறது, ஆனாலும் அமெரிக்க, பிரிட்டிஷ் பலத்தோடு, இப்போது பயங்கரவாதத்தோடு, பாலஸ்தீனத்தில் தங்களைத் திணிப்பது தவறு. அவரிடம் வெறுப்பு துளியும் இல்லை. பாலஸ்தீனர் பற்றி அவர் கண்டது சரி. ஆனால் பிறந்த ஊரிலேயே இரு என்பது அந்த ஜூலையில் எப்படி ஒலித்திருக்கும்? பிறந்த ஊர் கியெல்ட்சேயாக இருந்தால்? நான் மிகவும் மதிக்கும் மனிதர், இந்த ஒரு இடத்தில் அந்தப் பெண்ணுக்குச் சொல்ல அவரிடம் வழி இருக்கவில்லை.

ஆறாம் நாள்: மான்செஸ்டர்

காலை விமானம். சீத்தம் ஹில் சாலையில் 1874இல் கட்டிய யூதக் கோயில் இப்போது அருங்காட்சியகம். சுற்றிலும் நம் பக்கத்துக் கடைகள்தான். சேலை, மசாலா, பிரியாணி மணம்.

1947 ஜூலை இறுதியில் இர்குன் என்ற யூத ஆயுதக் குழு, தன் ஆட்கள் மூவரைப் பிரிட்டிஷ் அரசு தூக்கிலிட்டதற்குப் பழியாக, கிளிஃபர்ட் மார்ட்டின், மெர்வின் பெய்ஸ் என்ற இரண்டு இளம் சார்ஜென்ட்களைத் தூக்கில் தொங்கவிட்டது. கொடூரமான செயல். அந்த வார இறுதியில் மான்செஸ்டர், லிவர்பூல், கிளாஸ்கோ, லண்டனில் கூட்டம் யூதக் கடைகளை உடைத்தது. இந்தச் சாலையிலும் கண்ணாடி நொறுங்கியது. பாலஸ்தீனத்தில் நடந்ததற்கு இங்கே துணி தைத்துக்கொண்டிருந்தவர்கள் மேல் கல்.

ஹாம்பர்க்கில் அந்தக் கப்பல்கள் இறக்கப்பட்டது இதற்கு ஒரு மாதம் கழித்து. அதே வருடம் லங்காஷயர் நூற்பாலைகளில் வேலைக்கு ஆள் இல்லை. ஜெர்மனி, ஆஸ்திரியா அகதி முகாம்களிலிருந்து ஆள் எடுக்கத் திட்டம் போட்டு ஏறக்குறைய 80,000 பேரைக் கொண்டுவந்தார்கள். லாட்வியா, எஸ்தோனியா, உக்ரைன், போலந்து. யூதர்களை எடுக்க வேண்டாம் என்று முடிவு செய்திருந்தார்கள். போர்க்கைதிகளாக வந்த வேறு ஒரு கூட்டமும் அதே வருடம் இங்கே இறங்கியது: நாஜிகளின் எஸ்.எஸ். படையின் கலீசியா டிவிஷனில் இருந்த உக்ரைனியர்கள், எட்டாயிரம் பேருக்கும் மேல்.

யூதக் குழந்தைகளுக்கு மட்டும் ஒரு சிறு கதவு திறந்திருந்தது. பெற்றோரை இழந்த ஆயிரம் பேருக்கு அனுமதி. பதினாறு வயதுக்குக் கீழே பிழைத்திருந்தவர்களே குறைவு என்பதால் 732 பேர்தான் வந்தார்கள். சிலர் இந்த ஊரிலேயே வளர்ந்து, கடை வைத்து, பிள்ளை பெற்று, முதுமை அடைந்தார்கள்.

மாலையில் ஓல்டம் பக்கம் டிராமில் போனேன். பழைய நூற்பாலைகள், செங்கல் சுவர், உயரமான புகைபோக்கிகள். சிலவற்றைக் குடியிருப்புகளாக்கிவிட்டார்கள், சில கிடங்குகள், சிலவற்றின் ஜன்னல்களில் பலகை அடித்திருக்கிறது. பக்கத்து இருக்கையில் ஒரு தாய், தள்ளுவண்டியின் பிரேக்கைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். குழந்தை ஜன்னல் வழியாகப் புகைபோக்கிகளைப் பார்த்துக்கொண்டே வந்தது.